டெலியா, செயின் கடையா: நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு மதிய உணவு பற்றி

நியூ ஜெர்சியிலோ நியூயார்க்கிலோ வேலைக்கு வந்து சேர்ந்த முதல் மாதத்தில் இரவுச் சாப்பாட்டிற்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்காது. எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் தோசை மாவு முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கிறது. திண்டாட்டமெல்லாம் மதிய வேளையில்தான். அலுவலகத்தைச் சுற்றிலும் சாண்ட்விச் கடைகளே இருக்கும். அவற்றில் சப்வே, ஜெர்சி மைக்ஸ் போன்ற செயின் கடைகள் ஒரு வகை, குடும்பமாக நடத்தும் டெலிகள் (பதப்படுத்திய இறைச்சி, சீஸ், சாண்ட்விச் விற்கும் கடைகள்) இன்னொரு வகை. எங்கே போவது என்று புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்பதால், பதினொரு ஆண்டுகளாக இரண்டிலும் சாப்பிட்டு வருபவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: முதல் சில வாரங்களுக்குச் செயின் கடை போதும், அதன் பிறகு பக்கத்தில் உள்ள ஒரு நல்ல டெலியைப் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் அங்கே விற்கும் இறைச்சிகளின் பெயர்களைத் தெரிந்துகொண்ட பிறகு போங்கள்.

செயின் கடையை முதலில் சொல்வதற்குக் காரணம், அங்கே பேச்சு குறைவாகவே தேவைப்படும் என்பதுதான். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் விரலால் காட்டி, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கையுறையையும் கத்தியையும் மாற்றிவிட்டுச் செய்யுங்கள் என்று சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள கடைகள் மெனுவில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2018 மே மாதத்தில் இருந்து நடப்பில் உள்ளது. வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால், இப்படி எழுதி வைத்த விவரம் பெரிய ஆறுதல். 1965இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஒரே கடையாகத் தொடங்கிய சப்வேயில் எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஏறக்குறைய அதே ருசிதான். புதிய ஊரில் அது நல்லதே. ஆனால் மூன்றாவது வாரத்தில் அந்த ஒரே ருசி சலித்துவிடும். அந்த ரொட்டியில் கடித்து இழுக்கும் பதம் இல்லை என்பதும் அப்போது தெரியவரும்.

ஜெர்சி மைக்ஸ் இதிலிருந்து ஒரு படி மேல் என்பேன். 1956இல் நியூ ஜெர்சிக் கடற்கரையோரம் பாயின்ட் பிளெசன்ட்டில் இருந்த ஒரு சிறிய கடையிலிருந்து வளர்ந்தது அது; இன்றும் இறைச்சியையும் சீஸையும் நீங்கள் கேட்ட பிறகுதான் கண்ணெதிரே இயந்திரத்தில் சீவுகிறார்கள். ‘மைக்ஸ் வே’ என்று சொன்னால் வெங்காயம், லெட்டூஸ், தக்காளி, எண்ணெய், வினிகர், ஆரிகானோ, உப்பு எல்லாம் சேர்ந்து வரும். காரம் வேண்டுமென்றால் நறுக்கிய செர்ரி மிளகாய் ஊறலைத் தனியாகக் கேளுங்கள். நம் நாக்கிற்கு அது இல்லாமல் நிறைவாக இராது.

இனி டெலிக்கு வருவோம். பலகையில் டெலி என்று எழுதியிருக்கும் கடைகளெல்லாம் ஒன்றல்ல. ஹோபோகன் போன்ற ஊர்களில் உள்ள இத்தாலிய டெலியில் புதிய மொசரெல்லா, கடினமான ஓடுள்ள ரொட்டி, தொங்கவிட்டுப் பதப்படுத்திய இறைச்சிகள் ஆகியவை சிறப்பு. யூத டெலியில் பாஸ்ட்ராமியும் கார்ன்ட் பீஃபும் (உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய மாட்டிறைச்சி வகைகள்) சிறப்பு. மன்ஹாட்டனின் ஹௌஸ்டன் தெருவில் 1888 முதல் இருந்து வரும் கேட்ஸ் கடை அதற்குப் பேர்போனது. அங்கே நுழையும்போது கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள்; சாப்பிடுவதை அதில் குறித்து, வெளியேறும்போது பணம் வாங்குவார்கள் என்பதால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். மூன்றாவது வகை, நியூயார்க்கில் போடேகா என்று அழைக்கப்படும் மூலைக்கடை; பால், சோப்பு, லாட்டரிச் சீட்டு விற்கும் அதே கவுண்டரின் ஓரத்தில் ஒரு தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டில் காலை முதல் நள்ளிரவு வரை முட்டை பொரிந்துகொண்டிருக்கும்.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்கள் இடறுகிறார்கள். நான் வந்த புதிதில், கீழக்கரையைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் நானும் ஒரு டெலியில் ‘இத்தாலியன் காம்போ’ வாங்கினோம். பலகையில் கபிகோலா, சோப்ரசாட்டா, ஜெனோவா சலாமி, புரவலோன் சீஸ் என்று எழுதியிருந்தது. பன்றி என்ற சொல் எங்கும் இல்லை. சலாமி என்றால் மாட்டிறைச்சிதானே என்று நான்தான் அவரிடம் உறுதியாகச் சொன்னேன். பாதி சாப்பிட்ட பிறகு, அது முழுக்கப் பன்றி இறைச்சி என்று பக்கத்தில் நின்றவர் சொன்னபோது, நண்பர் ஒரு வார்த்தையும் பேசாமல் மீதியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். கடைக்காரர் மேல் தவறில்லை; கேட்டிருக்க வேண்டியது நான். அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புரோஷூட்டோ, கபிகோலா, சோப்ரசாட்டா, மார்டடெல்லா, பேக்கன், டெய்லர் ஹாம் அல்லது போர்க் ரோல் எனப்படும் நியூ ஜெர்சியின் காலை உணவு இறைச்சி ஆகியவை வழக்கமாகப் பன்றி. பெப்பரோனியிலும் இத்தாலிய சலாமியிலும் பெரும்பாலும் பன்றி இருக்கும். கபிகோலாவை இந்தப் பக்கத்து இத்தாலியர்கள் ‘கபகூல்’ என்றே உச்சரிப்பார்கள் என்பதால் காதில் விழும்போது அடையாளம் தெரியாமல் போகலாம். பாஸ்ட்ராமி, கார்ன்ட் பீஃப், ரோஸ்ட் பீஃப் ஆகியவை மாட்டிறைச்சி; யூத டெலியின் சலாமியும் மாட்டிறைச்சியே. இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு வான்கோழியும் கோழியும் எல்லா இடங்களிலும் உண்டு. ஹலால் தேவைப்படுபவர்கள் பலகையைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், அதே இரும்புத் தட்டில் பேக்கனும் பொரிக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு டெலி ஒத்துவராது என்று பலர் நினைக்கிறார்கள். இத்தாலிய டெலியைப் பொறுத்தவரை அது சரியல்ல. புதிய மொசரெல்லா, சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய், துளசியின் உறவான பேசில் இலை, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் என்று கேட்டுப் பாருங்கள். செயின் கடையின் காய்கறி சப் எனப்படும் நீள ரொட்டி சாண்ட்விச்சோடு இதை ஒப்பிடவே முடியாது. புராக்கலி ராப் என்ற கீரையைப் பூண்டு போட்டு வதக்கி வைத்திருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கடுகுக்கீரையின் கசப்பு அதில் இருக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் மயோனைஸை விலக்க வேண்டும். கத்திரிக்காய் பார்மிஜானாவிலும் பெரும்பாலும் முட்டையில் தோய்த்துப் பொரித்த துண்டுகளே இருக்கும். சில சீஸ்களை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அறிந்து உங்கள் வழக்கப்படி முடிவு செய்யுங்கள். கோஷர், அதாவது யூத மத உணவு விதிகளின்படி, சான்று பெற்ற பால் உணவகங்களில் இறைச்சியே இருக்காது என்பதால் சைவர்கள் நம்பிப் போகலாம். ஆனால் மீன் இருக்கும், யூதர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது.

டெலி கவுண்டரில் இறைச்சியையும் சீஸையும் எடைபோட்டும் வாங்கலாம். அரை பவுண்டு என்றால் ஏறத்தாழ 227 கிராம். இருவருக்கு மூன்று நாள் மதிய உணவிற்குப் போதும். மெல்லியதாகச் சீவச் சொன்னால், நான் போகும் கடையில் முதல் சீவலைக் காகிதத்தின் மேல் வைத்துக் கவுண்டருக்கு மேலாக நீட்டுவார்கள். அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியும் அளவிற்கு அது மெல்லியதாக இருக்கும். தடிமன் சரியா என்று பார்ப்பதற்கும் ருசிப்பதற்கும்தான் அதைத் தருகிறார்கள். தயங்காமல் வாயில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான்காவது முறை அங்கே போனபோது, கவுண்டரில் நின்ற பெரியவர் நான் கேட்பதற்கு முன்பே காரம் சேர்க்கத் தொடங்கிவிட்டார். உறவென்று யாரும் பக்கத்தில் இல்லாத அந்த முதல் குளிர்காலத்தில் அது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கர்ப்பிணிகள் டெலி இறைச்சியைக் குளிர்ந்தபடி சாப்பிடக் கூடாது. லிஸ்டீரியா கிருமியின் ஆபத்து இருப்பதால் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வரை அல்லது ஆவி பறக்கும் வரை சூடாக்கியே சாப்பிட வேண்டும் என்பது இங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. செயின் கடைக்கும் இது பொருந்தும்.

பணத்தைப் பொறுத்தவரை, பலகையில் உள்ள விலையோடு விற்பனை வரி சேரும். பத்து டாலர் சாண்ட்விச்சுக்கு நியூயார்க் நகரில் 8.875 சதவீதம் சேர்ந்து 10.89 டாலரும், நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம் சேர்ந்து 10.66 டாலரும் ஆகும். குடும்ப டெலிகள் சில மாலையிலேயே மூடிவிடும். ரொட்டி தீர்ந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது என்ற கடைகளும் உண்டு. ஆகவே பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது.

வீட்டில் பிறந்தநாளோ அலுவலக விருந்தோ வந்தால் மூன்றடி, ஆறடி நீளத்தில் பார்ட்டி சப் செய்து தருவார்கள். இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே ரொட்டியில் பாதி சைவம், பாதி அசைவம் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வெட்டும் கத்தி ஒன்றாகிவிடும். சைவத்தை இன்னொரு சிறிய ரொட்டியில் செய்து, தனிப் பெட்டியில் வைத்து, மேலே பெயரெழுதித் தரச் சொல்லுங்கள்.