ஈட்டா கரினேவைப் படிக்க எக்ஸ் கதிர் இல்லாமல் முடியாதா?

அல்சூர்வாசி:
ஒளி கூடிக் குறையும் பெரிய மாறொளி நட்சத்திரங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் விண்வெளி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் போட்ட பிச்சை என்று நம் பெங்களூர் குழுவில் ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரமான ஈட்டா கரினே, 1843-இல் இரவு வானின் மிகப் பிரகாசமான சிரியஸுக்கு அடுத்தபடியாக மின்னியது. அதைப் பதிவு செய்தவர்களிடம் எந்தச் செயற்கைக்கோள் இருந்தது? அது ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது என்று 1996-இல் சொன்னவர் பிரேசில்காரர் அகஸ்டோ டாமினெலி. தரையில் எடுத்த நிறமாலையில் (நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில்) ஹீலியம் கோடு மங்குவதை வைத்தே கண்டுபிடித்தார்.

மத்திகெரெ அக்கா:
தம்பி, கதையைப் பாதியில் விட்டால் எப்படி? டாமினெலி கணக்குப்படி அடுத்த மாற்றம் 1997 கடைசியில் வந்தது. அப்போது ஆர்எக்ஸ்டிஇ என்ற நாசாவின் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் அந்த நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எக்ஸ் கதிர் ஏறி, உச்சம் தொட்டு, சில வாரங்களில் அடியோடு சரிந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதம் எழவே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதற்கு ஈடான சரிவு கிடையாது.

காரணம் இதுதான். அங்கே இருப்பது இரண்டு நட்சத்திரங்கள். பெரியதிலிருந்து அடர்த்தியான காற்று நொடிக்கு சுமார் 420 கி.மீ. வேகத்தில் வருகிறது, துணையிலிருந்து மெலிந்த காற்று சுமார் 3000 கி.மீ. வேகத்தில். மோதும் இடத்தில் வெப்பம் கோடிக்கணக்கான டிகிரி. அந்தச் சூட்டின் சேதி எக்ஸ் கதிராகத்தான் வரும், அதையும் பூமியின் காற்று விழுங்கிவிடும். தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தில் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் கிடைக்காது.

சிவாஜிநகர் சார்:
காவலூரை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கிருந்து பார்த்தால் ஈட்டா கரினே 18 பாகை உயரம்கூட ஏறாது. நல்ல நிறமாலை எடுக்கவே படாதபாடு. நம்மிடம்தான் எக்ஸ்போசாட் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் இருக்கிறதே, அதைத் திருப்பினால் போதாதா?

மத்திகெரெ அக்கா:
சார், எக்ஸ்போசாட்டில் உள்ள போலிக்ஸ் கருவி நம்ம ஊர் ராமன் ஆய்வுக் கழகம் செய்தது, பெருமைதான். ஆனால் அது பளிச்சென்ற நியூட்ரான் நட்சத்திரம், கருந்துளை மாதிரியானவற்றின் எக்ஸ் கதிர் முனைவாக்கத்தை, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அளக்கச் செய்த கருவி. இந்த வேலைக்குச் சரிப்படாது. தவிர, ஈட்டா கரினே இருக்கும் கரினா நெபுலா என்ற வாயு மேகத்தில் சுற்றிலும் எக்ஸ் கதிர் உமிழும் நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி மாதிரி கூர்மை வேண்டும்.

அல்சூர்வாசி:
இயற்பியலை நான் மறுக்கவில்லை அக்கா. ஆர்எக்ஸ்டிஇ 2012-இல் நிறுத்தப்பட்டது. அடுத்த சரிவுகள் வந்த 2014-லும் 2020-லும் வேறு வேறு கருவிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுத்திருத்தம். ஐந்தரை ஆண்டுச் சுற்றைத் தொடர்ந்து பார்க்க ஆயுள் முக்கியம். தரையில் அந்தத் தொடர்ச்சி கிடைக்கும்.

மத்திகெரெ அக்கா:
தொடர்ச்சி என்றால் இதையும் கேளுங்கள். 1998-லும் 2003-லும் சரிவு மூன்று மாதம் நீடித்தது. 2009-இல் சுமார் ஒரே மாதத்தில் எக்ஸ் கதிர் எழுந்துவிட்டது. சுற்றுப்பாதை மாறவில்லை, ஆகவே காற்றில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும். தரையில் பார்த்தவர்கள் நட்சத்திரம் ஆண்டுக்கு ஆண்டு பிரகாசமாகிறது என்றார்கள். நட்சத்திரமா, அல்லது முன்னால் நின்ற தூசி விலகுகிறதா? ஒளியை மட்டும் நம்பினால் இந்தக் குழப்பம்தான்.

அல்சூர்வாசி:
அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது எது என்றும் சொல்லுங்களேன். நடுவில் உள்ள நட்சத்திரம் பிரகாசமாகிறது, அதைச் சூழ்ந்து அதன் ஒளியையே பிரதிபலிக்கும் ஹோமங்குலஸ் மேகம் மட்டும் அப்படியே இருக்கிறது. நட்சத்திரமே மாறியிருந்தால் மேகமும் பிரகாசமாகியிருக்கும். ஆக, நம் பார்வைக் கோட்டில் இருந்த தூசிதான் கலைகிறது. டாமினெலி குழு 2019-இல் வைத்த வாதம் இது. எக்ஸ் கதிர் தேவைப்படவில்லை.

மத்திகெரெ அக்கா:
தூசிக்கு அது சரி. 2009-இல் எக்ஸ் கதிர் ஏன் முன்கூட்டியே எழுந்தது? தூசியை வைத்து அதைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.