மெஷிஹிர்யாவைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கீவில் மருத்துவம் படித்தபோது சீனியர் அண்ணன் ஒருவர் கூட்டிப் போனார். நகரத்துக்கு வடக்கே, மினிபஸ்ஸில் போகலாம். உக்ரைனின் முன்னாள் அதிபர் யானுகோவிச் வாழ்ந்த வளாகம், ஏறத்தாழ 140 ஹெக்டேர். மர மாளிகை, கோல்ஃப் மைதானம், கப்பல் வடிவில் ஒரு விருந்துக்கூடம். கூட்டமெல்லாம் நெருப்புக்கோழியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. சரி, நானும்தான்.

அண்ணன் என்னைப் படகுத்துறைப் பக்கம் இழுத்தார். "பவிசைப் பார்த்தாச்சு, கணக்கு சிக்கின இடத்தையும் பாருடா" என்றார்.

2014 பிப்ரவரியில் அதிபர் ஓடிப்போனபோது, அவருடைய ஆட்கள் கோப்புகளை நீர்த்தேக்கத்தில் வீசியிருக்கிறார்கள். காகிதம் மிதக்கும் என்று யோசிக்கவில்லை போல! உள்ளே வந்த பத்திரிகையாளர்கள் முக்குளிப்பவர்களை வரவழைத்து சுமார் 200 கோப்புகளை மேலே எடுத்தார்கள். நனைந்த தாள்களைப் பக்குவமாகப் பிரித்து, அங்கிருந்த நீராவிக் குளியல் அறையிலேயே பரப்பி உலர்த்தினார்கள். வழக்கமாகச் செய்திக்கு முட்டிமோதும் பல நிறுவனத்துக்காரர்கள், "எனக்கு மட்டும்" என்று ஒளித்துக்கொள்ளாமல், சேர்ந்து உட்கார்ந்து ஸ்கேன் செய்து எல்லாவற்றையும் இணையத்தில் போட்டார்கள். எனக்கு மாளிகையைவிட இதுதான் ஆச்சரியம்.

பதில்:

கோப்பு கிடைப்பதற்கு முன்பே உக்ராய்ன்ஸ்கா பிராவ்தா என்ற இணையச் செய்தித்தளம் இதைத் துருவிக்கொண்டிருந்தது. அதன் நிருபர் செர்ஹி லெஷ்சென்கோ, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பதிவேடுகளைத் தேடிப் போனார். உரிமையாளரைத் தேடிய பாதை ஆஸ்திரியா, பிரிட்டன், லிச்சென்ஸ்டைன் என்று நீண்டது. அதிபர் தனக்கு அங்கே இருப்பது ஒரு வீடும் கொஞ்சம் நிலமும்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

பதில்:

இதெல்லாம் ஏன் இணையத்தில் மட்டும் வந்தது என்பதை எங்கள் வீட்டுக்காரப் பாட்டி ரிமோட்டை வைத்தே விளக்கினார். சேனலை மாற்ற மாற்ற, "இது அக்மேத்தோவ், இது கொலோமொய்ஸ்கி, இது பின்ச்சுக்" என்பார். நிகழ்ச்சியின் பெயரே சொல்லமாட்டார், முதலாளி பெயர்தான். இவர்கள் எல்லாரும் ஒலிகார்க்குகள், அதாவது அரசியலில் செல்வாக்குள்ள பெரும் பணக்காரர்கள். ஒலிகார்க் வீட்டு டிவியில் ஒலிகார்க்கைப் பற்றி யார் சொல்வது? ஆனால் இணையத்துக்கும் விலை இருந்தது. 2000-இல் உக்ராய்ன்ஸ்கா பிராவ்தாவைத் தொடங்கிய கொங்காட்சே அதே ஆண்டில் கடத்திக் கொல்லப்பட்டார். அங்கே எழுதிவந்த பாவெல் ஷெரெமெட் 2016 ஜூலையில் கீவ் நடுவே கார் குண்டில் இறந்தார். அந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் நான் வகுப்புக்குப் போவேன், ஓரத்தில் பூ வைத்திருப்பார்கள். குண்டு வைக்கச் சொன்னது யார் என்று கேட்டால் பாட்டி சேனலை மாற்றிவிடுவார்.