டிவி பேட்டியில் சொன்ன ஒரு வரி வேறு மாதிரி போய்விட்டது, அடுத்த முறைக்கு எப்படித் தயாராவது?

கரைநடை:
வணக்கம். பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் தன்னார்வக் குழுவில் நான்கு வருடமாக இருக்கிறேன். போன வாரம் ஒரு செய்திச் சேனல்காரர்கள் கடற்கரைக்கே வந்து மைக்கை நீட்டினார்கள். கால் மணி நேரம் பேசினேன், வந்தது நாற்பது நொடி, அதிலும் “மீனவர்கள் வலையில் மாட்டித்தான் ஆமைகள் சாகின்றன” என்ற வரிதான் தலைப்பாகவே ஓடியது. நான் சொல்ல வந்தது விசைப்படகுகள் பின்னால் இழுத்துப் போகும் பை மாதிரியான வலையை, அதாவது இழுவைமடியைப் பற்றி. எங்களுக்கு முட்டை இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும், கரையில் நின்றே வலை இழுக்கும் கரைவலைப் பெரியவர் மறுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடியோவைத் திரும்பப் பார்க்கவே மனம் வரவில்லை. பார்த்தாலும் எதைக் கவனிப்பது?

செம்மண்:
கட்டாயம் பாருங்கள். முதல் தடவை நம் குரலும் முகமும்தான் கண்ணில் படும், அதை விட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை பேசியதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். எங்கள் ஊர் ஏரி பற்றிப் பேசிவிட்டு நான் எழுதிப் பார்த்தேன், “அதாவது பார்த்தீங்கன்னா” என்று பதினோரு இடத்தில் இருந்தது. எல்லாமே ஒரு எண்ணோ வருடமோ கையில் இல்லாமல் தடுமாறிய இடங்கள். அப்புறம் அவற்றைத்தான் தேடிப் படித்தேன்.

பழைய நிருபர்:
பேட்டியை வெட்டித் தொகுக்கிறவருக்குத் தனியாக நிற்கும் வரி வேண்டும். உங்கள் வரி நின்றது, எடுத்துக்கொண்டார்கள். விளக்கத்தை அடுத்த வாக்கியத்தில் வைத்தால் அது போய்விடும், அதனால் யார், எங்கே, ஏன் என்பதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்பது சட்டம். அதிலிருந்தே ஆரம்பித்திருக்கலாம். நிருபருக்குப் போன் போட்டு விவரத்தைச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் கூட்டமாகச் செத்து ஒதுங்கிய மாதிரி இன்னொரு முறை நடந்தால் அவர் உங்களைத்தான் தேடுவார்.

நெய்தல்:
தம்பி, நான் மீனவர் வீட்டுப் பெண். முதலில் அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வலிக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அடுத்த பேட்டியில் அவரையும் பக்கத்தில் நிறுத்திப் பேச வையுங்கள்.

கரைநடை:
அக்கா, இன்று காலையே போனேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார், “படகு வேற, நாங்க வேறன்னு சொல்லியிருக்கலாமே” என்றார். வீடியோவையும் பார்த்துவிட்டேன். நிருபர் கேள்வியை முடிக்கும் முன்பே தலையாட்டிக்கொண்டு “மீனவர்கள்” என்று ஆரம்பித்திருக்கிறேன், அங்கேதான் தப்பு. இப்போது எழுதி வைத்திருப்பது: “கரைக்குப் பக்கத்தில் விசைப்படகு இழுக்கும் மடியில் சிக்கினால் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகிறது, கரைவலைக்காரர்கள் எங்களோடு சேர்ந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள்.” போனில் வைத்துப் பார்த்தேன், பதினான்கு நொடி. இதில் எங்கே வெட்டினால் அர்த்தம் மாறும் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய நிருபர்:
கமாவில் வெட்டுவார்கள். கரைவலைக்காரர்களை முன்னால் கொண்டு வாருங்கள்.