வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் பச்சிளங் குழந்தைகளின் மரணம்: ஆய்வுகள் சொல்லும் ஆபத்துக் காரணிகளை எப்படி வாசிப்பது?

வினா: வெள்ளவத்தை வாசகர்

கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையில் என் தங்கைக்கு 31ஆவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை, எடை 1,420 கிராம். பிறந்தவுடன் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்தார்கள். இப்போது அதை எடுத்துவிட்டு, மூக்கின் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சி-பாப் மட்டும் பொருத்தியிருக்கிறார்கள். வைத்தியர்கள் பொறுமையாகவே விளக்குகிறார்கள். ஆனால் பார்வை நேரம் முடிந்து வெளியே வந்த பின்னர்தான் எங்களுக்குக் கேள்விகள் எழுகின்றன.

என் மைத்துனர் இரவில் உறங்காமல் கைபேசியில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி வாசிக்கிறார். குறைமாதம், குறைந்த எடை, ஆண் குழந்தையாய் இருத்தல், உடல் குளிர்தல், தொற்று, செயற்கைச் சுவாசம் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு என்று வாசித்ததிலிருந்து, கருவியில் வைத்ததே தவறோ என்று கேட்டபடி இருக்கிறார். இத்தகைய பட்டியலை எப்படிப் புரிந்துகொள்வது? அதில் எங்களால் ஏதேனும் செய்யக்கூடியது உண்டா?

பதில் 1: குழந்தை நல வைத்தியர்

கருவியைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். தானாகப் போதிய அளவு மூச்சுவிட இயலாத குழந்தைக்கே அது பொருத்தப்படுகிறது. ஆகவே கருவியில் இருந்தவர்களிடையே இறப்பு மிகுந்திருப்பது, அவர்கள் ஏற்கெனவே கடுமையாக நோயுற்றிருந்தார்கள் என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. பொரளைச் சந்தியில் குடை பிடித்து நிற்பவர்களைப் பார்த்து, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று முடிவு கட்டுவதைப் போன்றது உங்கள் மைத்துனரின் அச்சம். நீண்ட நாட்கள் கருவியில் இருப்பது நுரையீரலைப் பாதிக்கும், தொற்றுக்கும் இடமளிக்கும் என்பது உண்மையே. அதனால்தான் இயன்றவரை விரைவாக சி-பாப்புக்கு மாற்றுகிறோம். உங்கள் மருமகனுக்கு அந்தக் கட்டம் தாண்டியாகிவிட்டது.

பட்டியலில் மிகவும் கனமானது தாயின் வயிற்றில் கழிந்த வாரங்களின் எண்ணிக்கை. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. முறையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பின்னவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பிழைக்கிறார்கள். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்ற பொருள் குறைமாதக் குழந்தைகளிடம் போதிய அளவு சுரந்திருப்பதில்லை. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் இக்குறை தணியும் என்பதை நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். தங்கைக்கு அந்த ஊசி போடப்பட்டதா என்று விசாரித்துப் பாருங்கள். மைத்துனர் வாசித்த மடங்குக் கணக்குகளைவிட அந்தப் பதில் உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

32 வாரமும் அதற்குக் குறைவுமாகப் பிறந்த குழந்தைகளுக்கெனக் கிரிப்-2 என்றொரு மதிப்பெண் முறை உண்டு. ஆணா பெண்ணா என்பது, எடை, வாரங்கள், அனுமதிக்கும்போது இருந்த உடல் வெப்பநிலை, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் ஓர் அளவு ஆகிய ஐந்தை மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது. இவற்றுள் முதல் மூன்றை எவராலும் மாற்ற முடியாது. வெப்பநிலையையோ, பிரசவ அறையில் உடனே துணியாலோ பிளாஸ்டிக் உறையாலோ போர்த்தி 36.5 முதல் 37.5 பாகை செல்சியசுக்குள் பேண முடியும். எனவே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், எது நோயின் கடுமையைக் காட்டும் அடையாளம், எது கையால் திருத்தக்கூடியது என்று பிரித்துப் பாருங்கள். மூச்சுத்திணறிப் பிறத்தலும் பிறவிக் குறைபாடுகளும் தனிக் கதை; நீங்கள் எழுதியதில் அவற்றுக்கு அறிகுறி ஏதும் இல்லை.

பதில் 2: புள்ளிவிபரவியல் கற்பிப்பவர்

வைத்தியர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘மூன்று மடங்கு’ என்ற சொல் தனியாக நிற்கும்போது அச்சுறுத்தும். ஓர் எடுத்துக்காட்டுக்குச் சொல்வதானால், 100இல் 1 என்பது 3 ஆனாலும் மூன்று மடங்குதான். 20 என்பது 60 ஆனாலும் மூன்று மடங்குதான். அடிப்படை அளவு எந்த நாட்டுக்கு, எந்த வைத்தியசாலைக்கு உரியது என்று பாராமல் மடங்கை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக அளவில் ஆயிரம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 17 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறக்கின்றன. இலங்கையில் இது 4 முதல் 5 வரையே. வைத்தியசாலைகளை ஒப்பிடுவதிலும் இதே சிக்கல் உண்டு. லேடி ரிட்ஜ்வே போன்ற சிறுவர் வைத்தியசாலையில் பிரசவம் நடப்பதில்லை. அங்குள்ள பச்சிளங் குழந்தைகள் வேறிடங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், பலர் கடும் நோயாளிகள். அங்கே இறப்பு விகிதம் கூடினால் அது கவனிப்பின் தரத்தைக் காட்டும் அளவுகோலாகிவிடாது.

பதில் 3: ஓய்வுபெற்ற தாதி

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முதல் வாரம் கடந்த குறைமாதக் குழந்தைக்குப் பெரும் பகை தொற்று. தெற்காசிய வைத்தியசாலைகளில் கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. மோதிரம், வளையல், கையில் கட்டிய கோயில் நூல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நூலைக் கழற்ற மனம் வராமல், அதன் மேலேயே தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈர நூலில்தான் கிருமி நன்றாகத் தங்கும். தங்கையின் பால் சில துளிகளே வந்தாலும் கொண்டுபோய்க் கொடுங்கள். குழாய் வழியே ஊட்டப்படும் அந்தப் பால், குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் கொடிய நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை போடப்பட்டதாகத் தங்கை சொன்னாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையை சி-பாப் இருக்கும்போதே தொடங்கலாமா?

பதில் 1: குழந்தை நல வைத்தியர்

குழந்தையின் நிலை சீராக இருந்தால், பிரிவின் ஒப்புதலோடும் தாதியின் மேற்பார்வையிலும் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், 1,000 முதல் 1,799 கிராம் வரையிலான குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இம்முறையில் வைத்தபோது, 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் மருமகனின் எடை இந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. நாளைய வார்ட்டுப் பார்வையின்போது விசேட வைத்திய நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள். தங்கைக்கு உடல்நிலை இடந்தராவிட்டால் மைத்துனரின் நெஞ்சிலும் வைக்கலாம்.