கலைச்சொல் வேண்டல்: வரைகலை அட்டைக் கையேட்டில் வரும் ‘பாட்டில்நெக்’

மடல் 1: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

திறன் குறைந்த கணினியில் விளையாட்டுகளை ஓட்டுபவர்கள் திரைக்கான படங்களை வரைந்துதரும் வரைகலை அட்டையின் செயல்திறனைப் புரிந்துகொள்ள உதவும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். சட்டகம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு முழுப்படம்), பிரிதிறன் (படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை), பட்டையகலம் (நொடிக்குக் கடத்தப்படும் தரவின் அளவு) ஆகியவற்றுக்கெல்லாம் சொல் அமைந்துவிட்டது. ‘பாட்டில்நெக்’ (சொல்லுக்குச் சொல், புட்டியின் கழுத்து) மட்டும் பிடிபடவில்லை. கையேடு முழுவதும் அந்தக் கருத்தையே சுற்றி வருவதால், அதைத் தவிர்த்துவிட்டு எழுதவும் வழியில்லை.

கருத்து இதுதான். ஒரு சட்டகம் திரைக்கு வருமுன் மையச் செயலி (சிபியு), முதன்மை நினைவகம் (ரேம்), வரைகலை அட்டை, அட்டையின் சொந்த நினைவகம் எனப் பல உறுப்புகள் தத்தம் வேலையை முடித்தாக வேண்டும். நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமென்றால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான். எந்த உறுப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லையோ, அதன் வேகமே மொத்தக் கணினியின் வேகமாகிவிடுகிறது. மற்றவை எவ்வளவு விரைவாக முடித்தாலும் அதற்காகக் காத்திருக்கின்றன. அந்த உறுப்பை என்னவென்று அழைப்பது? இப்போதைக்கு ‘முட்டுக்கட்டை’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்பரே, மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. முட்டுக்கட்டை ஓட்டத்தை நிறுத்துவது. நீங்கள் விளக்கும் உறுப்பு ஓட்டத்தை நிறுத்துவதில்லை, அதன் அளவை வரையறுக்கிறது. சிறுத்திருப்பது என்னும் பொருளில் நமக்கு ஏற்கெனவே ஒரு வேர் உண்டு. ‘ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை’ என்று வலியறிதல் அதிகாரத்தில் வருவதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அளவு இட்டிது என்றால் அளவில் சிறிது. திருவெம்பாவையில் வரும் ‘இட்டிடை’ சிறுத்த இடை. இருபுறமும் வேலி நெருக்கும் வண்டித்தடத்தைக் கொங்கு வழக்கில் ‘இட்டேறி’ என்பார்கள்; அதையும் இவ்வேரோடு சேர்த்தே நான் காண்கிறேன். இடுக்கு, இடுக்கி, இடுங்குதல் எல்லாம் இதே குடும்பம். ‘இடுக்கண்’ என்பதையே துன்பத்தால் இடுங்கிய கண் என்று விரிப்பவர்கள் உண்டு.

எனவே ‘இட்டிடம்’ என்று முன்மொழிகிறேன். சிறிய சொல், வேர் பழையது, வேறு எந்தத் துறையும் எடுத்துக்கொள்ளாதது.

மடல் 3: வன்பொருள் பயிற்றுநர்

ஐயாவின் வேர்விளக்கத்தை மகிழ்ந்து படித்தேன். ஆனால் ‘இட்டிடம்’ என்று கரும்பலகையில் எழுதினால் என் மாணவர்கள் ‘இட்ட இடம்’ என்றுதான் படிப்பார்கள். அட்டையைச் செருகிய இடம் என்று பொருள்கொள்வார்கள். குறளிலும் வருவாய், செலவு என்னும் இரண்டு ஆறுகள் (வழிகள்) பேசப்படுகின்றன. இங்கே இருப்பது ஒரே ஆறு, அதன் ஒரு பகுதி மட்டும் ஒடுங்கியிருக்கிறது.

யாருக்காக எழுதுகிறோம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். என்விடியாவின் ஜிடி 1030 அட்டை 2017இல் ஜிடிடிஆர்5 என்னும் வேகமான நினைவகத்தோடு வந்தது. அடுத்த ஆண்டு, பெயரை மாற்றாமலேயே, அதைவிட மெதுவான டிடிஆர்4 நினைவகத்தோடு ஒரு வடிவம் வந்தது. இரண்டிலும் கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) 384தான்; கடிகார வேகத்தில் சிறு வேறுபாடு. ஆனால் நினைவகப் பட்டையகலம் நொடிக்கு 48 ஜிகாபைட்டிலிருந்து ஏறத்தாழ 17 ஜிகாபைட்டாகச் சரிந்தது. கோர்களுக்கு வேலை செய்ய வலு இருக்கிறது, வேண்டிய தரவு வந்து சேரவில்லை. அதனால் பல விளையாட்டுகளில் சட்டக வீதம் பெரிதும் விழுந்துவிடுகிறது. தனி அட்டை இல்லாத மடிக்கணினியிலும் இதே சிக்கல்தான். அங்கே வரைகலைப் பகுதி முதன்மை நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒரே நினைவகத் துண்டு மட்டும் இருக்கும்போது டிடிஆர்4-3200 நொடிக்கு 25.6 ஜிகாபைட்தான் தரும். இணையாக இன்னொன்றைச் செருகி இரு தடமாக்கினால் 51.2 ஆகிறது. புதிய அட்டை வாங்க இயலாதவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி அரிது.

அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். அவர்கள் தேடுவதும் பேசுவதும் ‘பாட்டில்நெக்’ என்றுதான். அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவதில் எனக்குத் தயக்கமில்லை.

மடல் 4: மொழியியல் மாணவி

ஐயா இருவருக்கும் வணக்கம். ‘பாட்டில்நெக்’ என்றே விட்டுவிட்டால், கேள்விப்பட்டவருக்கு மட்டுமே புரியும். புதிதாக வருபவர் அந்தச் சொல்லிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. ‘குறுகிடம்’ என்று வைக்கலாமா? குறுகிய இடம், குறுகுகின்ற இடம், குறுகும் இடம் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. இங்கே அந்த இலக்கணம் வெறும் அழகுக்காக அன்று, பொருளுக்கே தேவைப்படுகிறது. ஏனென்றால் இந்த இடம் நிலையானதல்ல.

என் பழைய கணினியில், விளையாடும்போதே திரையின் மூலையில் உறுப்புகளின் பயன்பாட்டைக் காட்டும்படி வைத்துப் பார்த்தேன். 1920×1080 பிரிதிறனில் வரைகலை அட்டை நூற்றுக்கு 98 வரை போனது. மையச் செயலியின் பயன்பாடு பாதியளவிலேயே இருந்தது. அப்போது குறுகிடம் அட்டை. 1280×720க்கு இறக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600இலிருந்து 9,21,600ஆகக் குறைகின்றன. சட்டக வீதம் சற்று ஏறி நின்றுவிட்டது. அட்டையின் பயன்பாடு இறங்கியது. இனிப் பிரிதிறனை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. குறுகிடம் மையச் செயலிக்கு நகர்ந்துவிட்டது. அப்போதும் செயலியின் மொத்தப் பயன்பாடு நூறு என்று காட்டாது. ஒரு கோர் முழுதாய்த் திணற, மற்றவை சும்மா இருக்க, சராசரி பாதிக்கும் கீழே நிற்கும். இதைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். பலர் அந்தச் சராசரியைப் பார்த்துவிட்டு, பழியை அட்டைமேல் போட்டுப் புதிய அட்டை வாங்கிவிடுகிறார்கள்.

மடல் 5: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மாணவியின் வினைத்தொகை விளக்கம் செம்மையானது. நகரும் இடத்துக்குக் காலம் கரந்த சொல் பொருந்தும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ‘குறுகுதல்’ பழந்தமிழில் அணுகுதலையும் குறிக்கும். இலக்கியம் பயின்றவர் காதுக்குக் குறுகிடம் ‘சென்று சேரும் இடம்’ என்று ஒலிக்கும். வினைத்தொகைதான் வேண்டுமென்றால் ‘நெருக்கிடம்’ என்று வையுங்கள்; கேட்டவுடன் எவருக்கும் விளங்கும். ஆனாலும் என் முதல் விருப்பம் இட்டிடமே. புதுச் சொல் முதல் நாளில் விளங்காமல் போவது குறையன்று. விளக்கத்தோடு நாலுமுறை வந்தால் பழகிவிடும்.

மடல் 6: வன்பொருள் பயிற்றுநர்

பழகும்வரை காத்திருக்கக் கையேட்டுக்கு நேரமில்லை, ஐயா. நெருக்கிடம் என்றால் எனக்கு மறுப்பில்லை. ‘அட்டைக்கு 4 ஜிகாபைட் நினைவகம் போதாமல், பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் இழைமப் படங்கள் முதன்மை நினைவகத்துக்குப் போய்வரும்போது நெருக்கிடம் இணைப்புத் தடத்துக்கு மாறுகிறது, சட்டகங்கள் விட்டுவிட்டு வருகின்றன’ என்று எழுதிப் பார்த்தேன். தடங்கலின்றிப் படிக்க முடிகிறது. ‘இட்டிடம்’ இட்டு அதே தொடரைப் படிக்க முடியவில்லை.

மடல் 7: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் நெருக்கிடத்துக்கே ஆதரவு மிகுதி. ஆனால் அவர்களிலும் பலர் அதை இரண்டாம் விருப்பமாகவே சொல்கிறார்கள். முதல் இயலில் ‘பாட்டில்நெக் எனப்படும் நெருக்கிடம்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு நெருக்கிடம் என்றே தொடர்கிறேன். கோர்களின் சராசரி பற்றிய எச்சரிக்கைக்குத் தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

மடல் 8: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மையின் முடிவு அதுவென்றால் கையேடு அப்படியே போகட்டும். என் மாறுபாடு குழுமத்தின் பதிவில் இருக்கட்டும். ஒரு வேண்டுகோள் மட்டும்: இடம் போதவில்லை என்று எங்கேயும் ‘மையச் செயலி’யை வெறும் ‘செயலி’ என்று சுருக்கிவிடாதீர்கள். கைப்பேசியில் நிறுவும் ஆப்பையும் இப்போது செயலி என்றே எழுதுகிறார்கள். நெருக்கிடம் செயலியில் இருக்கிறது என்று படிப்பவர், விளையாட்டையே நீக்கி மறுபடி நிறுவப் போய்விடுவார்.