சட்கிளிஃப் குடும்ப வேரைத் தேட உதவுங்களேன்

என் மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் சட்கிளிஃப். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் பக்கம், ஹெப்டன்ஸ்டால். சட்கிளிஃப் என்றால் தெற்குப் பாறைச்சரிவு என்று பொருள், அந்தப் பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் இதே பெயர்தான்!

1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முன்னோர் ஒருவர் கிடைத்துவிட்டார், கைத்தறி நெசவாளி. அதற்கு முன்னால்தான் சிக்கல்: 1841-இல் பெரியவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருக்கிறார்கள், 1837 ஜூலைக்கு முன் அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது, சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டிலோ ஒரே வருடத்தில் இரண்டு ஜான் சட்கிளிஃப்! வீட்டு பைபிளின் முதல் தாளில் மங்கிய மையில் 'சேப்பல்' என்று ஒரு சொல் தெரிகிறது. இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக்கூடத்தை அப்படிச் சொல்வார்கள், அதனால் அப்படி ஒரு பிரிவான மெதடிஸ்ட் குடும்பமோ என்று நினைக்கிறேன்.

பழைய சேப்பல் பதிவேடுகளில் தேடிப் பழக்கமுள்ளவர்கள், எங்கே தொடங்கலாம் என்று சொல்லுங்களேன். மாமியாருக்கு 84 வயது, அவர் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும்.