சர்வருக்குத் தனிக் கர்னல் கம்பைல் செய்வது பயன் தருமா?

நெய்தல்:
டெபியன் லினக்ஸின் பொதுக் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), நம் சர்வரில் இல்லாத வன்பொருள்களுக்கான டிரைவர்கள் ஏராளமாக உள்ளன. 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளையால் அவற்றை நீக்கி, நொடிக்கு 250 முறை கர்னலை எழுப்பும் டைமர் துடிப்பை 100 ஆகக் குறைத்துக் கம்பைல் செய்தால், டேட்டாபேஸ் சர்வரின் வேகம் கூடும் என்பதே என் கருத்து.

இரவுப்பணி:
இதை நான் ஏற்கவில்லை. அந்த டிரைவர்கள் மாட்யூல்களாக வட்டில் கிடப்பவை. தேவை எழும்வரை நினைவகத்தில் ஏறுவதில்லை. எனவே அவற்றை நீக்கினால் கம்பைல் நேரமும் வட்டு இடமும் மிஞ்சுமே தவிர, வேகம் கூடாது. வேலையின்றி இருக்கும் சிபியு கோர்களில் டைமரும் பெரும்பாலும் நின்றே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு உண்மையில் உதவும் ஹ்யூஜ் பேஜஸ் (நினைவகத்தைப் பெரிய துண்டுகளாகக் கையாளும் முறை), தொலைதூர இணைப்புகளுக்கு உதவும் பிபிஆர் (நெட்வொர்க் நெரிசலைக் கட்டுப்படுத்தும் முறை) ஆகியவற்றை, கம்பைல் செய்யாமலே கர்னல் அமைப்புகளை மாற்ற உதவும் சிஸ்சிடிஎல் வழியாகவே அமைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பையும் எண்ணிப் பாருங்கள். 2022 மார்ச்சில் 'டர்ட்டி பைப்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, 5.8 பதிப்பு முதலான கர்னல்களில் சாதாரணப் பயனர் ஒருவரே ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தைப் பெற முடியும் என்ற நிலை இருந்தது. டெபியன் போன்ற டிஸ்ட்ரோ தரும் கர்னலை வைத்திருந்தவர்கள் தயாராக வந்த பேக்கேஜை நிறுவி ரீபூட் செய்தார்கள். தனிக் கர்னல் வைத்திருப்பவரோ அறிவிப்பைத் தாமே கவனித்து, பேட்ச் (திருத்தம்) சேர்த்து, மீண்டும் கம்பைல் செய்து, சோதித்த பிறகே நிறுவ முடியும்.

நெய்தல்:
பாதுகாப்பு என் பக்கமும் பேசும். 2017-இல் டிசிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் வெளிப்பட்ட ஓட்டை, அந்த நெறிமுறையையே சேர்க்காத கர்னலைத் தொடவில்லை. மேலும், கர்னலின் 6.13 பதிப்பு முதல் கிடைக்கும் ஆட்டோஎஃப்டிஓ என்ற வசதி, நம் சர்வரின் உண்மையான பணிச்சுமையைப் பதிவு செய்து, அதற்கேற்பக் கர்னலின் குறியீட்டைக் கம்பைலர் ஒழுங்குபடுத்த வழி செய்கிறது. எந்த சிஸ்சிடிஎல் அமைப்பும் இதைத் தராது.

இரவுப்பணி:
டிசிசிபியை, மாட்யூல்களை ஏற்றும் மாட்ப்ரோப்பின் அமைப்பில் ஒரே வரியால் தடுத்துவிடலாம். ஆட்டோஎஃப்டிஓ மெய்யான ஆதாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பணிச்சுமையைப் பல நூறு இயந்திரங்களில் ஓட்டி, கர்னலுக்கென்றே ஆட்களை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

அளவுகோல்:
இருவரும் முதலில் 'பெர்ஃப்' என்ற அளவீட்டுக் கருவி கொண்டு அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிபியு நேரத்தில் கர்னலின் பங்கு பத்து விழுக்காடு என்றால், கர்னலின் வேலை நேரத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தாலும் மொத்தத்தில் மிஞ்சுவது ஒரு விழுக்காடுதான். டேட்டாபேஸில் ஒரு குவெரிக்கு (தேடலுக்கு) இன்டெக்ஸ் சேர்த்தால் அதைவிடப் பன்மடங்கு கிடைக்கக்கூடும். நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் கையாளுவதிலேயே பாதி நேரத்தைச் செலவிடும் சர்வர் என்றால், நெய்தல் சொல்வதைச் சோதித்துப் பார்ப்பது தகும்.